கொல்லிமலைக்கு ஒரு மூட்டை

மலைப் பிரயாணம் அடிவாரத்தில் ஆரம்பமாகிறது என்று நினைப்பவர்கள் மூட்டை கட்டிப் பார்த்ததில்லை. எங்கள் கொல்லிமலை யாத்திரை திருச்சி புத்தூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அருகே, வீட்டுக் கூடத்திலேயே தொடங்கிவிட்டது.

புளியஞ்சோலை வழியாக ஏறி, ஆகாய கங்கையில் நீராடி, அறப்பளீசுவரரைத் தரிசித்துத் திரும்ப மூன்று நாள். அதற்காக ஜமக்காளத்தின்மேல் பரப்பிய சாமான்களைக் கண்டால் கல்யாணச் சீர்வரிசை தோற்றுப்போகும்! தலையணை, பித்தளைத் தூக்கு, முறுக்கு டின், ஸ்டவ்! 4,000 அடியைத் தாண்டும் மலையில் இவற்றைச் சுமப்பது யார்?

ஒவ்வொன்றாகக் கழித்தோம். ஸ்டவ்வுக்கு மட்டும் விவாதம் நேர்ந்தது. "காப்பி இல்லாமலா?" என்றார் நண்பர். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டதை நினைவூட்டினோம். அவர் மௌனமாக ஸ்டவ்வையும் தீப்பெட்டியையும் அலமாரிக்கே திருப்பிவிட்டார். நெருப்பு வேண்டாத ஆகாரமே போதுமென்று தீர்மானமாயிற்று: முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு அவல், வெல்லம், வேர்க்கடலை.

எஞ்சியவை: குடிஜலம், கம்பளி, மழைச்சட்டை, கைவிளக்கு, ஊதல், காயத்துக்கு மருந்து, வனத்துறையாரின் அனுமதிச் சீட்டு. கடைசியாக, எலுமிச்சம்பழமும் ஓர் உப்புப் பொட்டலமும். வியர்த்துக் களைத்தவனுக்கு அவை அமிர்தம். 1930 ஏப்ரல் 13-ல் இதே திருச்சியிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் அந்த உப்புக்காகவே வேதாரண்யம்வரை 150 மைல் நடந்தார்கள். அவர்களை நினைத்ததும் எங்கள் மூட்டையின் கனம் பாதி குறைந்தது.

புளியஞ்சோலையில் மூட்டையை அவிழ்த்தோம். யாருடைய கருணையாலோ முறுக்கு டின் மட்டும் உள்ளேயே இருந்தது!