பதிவேட்டில் இல்லாத நுரையீரல்கள்

ஆஸ்பெஸ்டாஸ் தூசி இன்று உள்ளே போனால், நோய் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் 1995இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. உடல்நலமும் பிரிவு 21 தரும் வாழ்வுரிமைதான் என்றது.

பெயரே பதிவாகாதவருக்கு என்ன வழி? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய கட்டடங்களை இடிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்து இறக்குபவர்கள் தினக்கூலிகள். நாங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்ணிய நாரைத் தடுக்காது. மூச்சு வாங்கினால் பழி பீடிமேல் விழுகிறது. என்ன வேலை செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

தோழர்களே, கூரையை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார், எந்த ஆண்டு, எந்த இடம், எந்த மேஸ்திரி. இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே நம் சாட்சி.