மெஸ் கணக்குக்கு ஒரு பெயர்

ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு அது மூன்றாவது பெயர் என்பது தெரியுமா? 2002-ல் வெளிவந்தபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். பயாஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கும் அதே பெயர் இருந்ததால் வணிகக்குறிச் சிக்கல். 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரிலோ ஏற்கெனவே ஒரு தரவுத்தளம் இருந்தது. அதுவும் திறமூலம்! அவர்கள் கொதித்துப்போனார்கள். கோபம் நியாயம்தான். கம்பெனிக்காரன் பெயர் என்றால் விட்டுக்கொடுத்துவிட்டு, நம்மைப் போலச் சும்மா உழைக்கிறவன் பெயரில் போய் உட்கார்ந்தால் எப்படி? 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. (அது செம்பாண்டாவின் இன்னொரு பெயராம். படத்தில் இருப்பதென்னவோ நரி.)

எங்கள் விஷயம் ரொம்பச் சின்னது. விடுதி மெஸ் கணக்குப் பார்க்க நாலு பேர் சேர்ந்து ஒரு நிரல் எழுதியிருக்கிறோம். யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள், ஊருக்குப் போன நாளுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், மாசக் கடைசியில் தலைக்கு எவ்வளவு, இவ்வளவுதான். ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுவது என்று அஞ்சு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. பெயருக்குத்தான் மூணு வாரமாக அடிதடி.

முதலில் எல்லாருக்கும் பிடித்த பெயர் 'பந்தி'. பக்கத்து அறை நெல்லூர்க்காரன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்ள, எங்க ஊர்ல பந்தின்னா பன்னிடா!" எங்கள் மெஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்றான் ஒருத்தன் :-) ஆனால் ஆந்திராவில் எந்த விடுதியில் இதை நிறுவுவார்கள்? கிம்ப் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஊனமுற்றவர்களை ஏளனம் செய்யும் சொல் என்பதால், 2019-ல் சிலர் கிளிம்ப்ஸ் என்று தனியாகவே பிரிந்து போனார்கள்.

அடுத்து 'கூழ்'. ஆங்கில எழுத்தில் எல் போட்டால் 'கூல்' ஆகிவிடும். இசட்ஹெச் போட்டால் தமிழ் தெரியாதவன் வாயில் நுழையாது. ழகரத்தோடு பெயர் வைக்கிற எல்லாருக்கும் உள்ள தலைவலி இது.

இப்போது வந்திருப்பதுதான் நிஜமான சிக்கல். கல்லூரிப் பெயரைச் சேர்த்து வைத்தால் சர்வரில் இடமும் கொஞ்சம் பணமும் தருவதாகத் துறையில் சொல்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் தேவை. ரெண்டு பேர் வாங்கிக்கலாம் என்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால் ஜிபிஎல் நிரலைத்தான் எல்லாருக்கும் கொடுக்கிறது, பெயரை அல்ல. ஈதரியல் என்ற வலையமைப்பு ஆய்வுக் கருவியை எழுதிய ஜெரால்ட் கோம்ப்ஸ் 2006-ல் வேலை மாறினார். நிரலை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. பெயர் பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டது. வயர்ஷார்க் என்று புதுப்பெயர் வைத்துத்தான் தொடர்ந்தார். 2010-ல் ஓபன்ஆஃபீஸ் குழுவில் பெரும்பகுதி ஆரக்கிளைவிட்டு விலகியபோதும் இதே கதை. பெயர் கிடைக்காமல் லிப்ரேஆஃபீஸ் ஆனார்கள்.

நாங்கள் ஏப்ரலில் படிப்பு முடித்துக் கிளம்புகிறோம். கல்லூரிப் பெயர் ஒட்டிய மென்பொருளை அப்புறம் யார் பராமரிப்பது, யார் அனுமதி கேட்பது? பக்கத்து பாலிடெக்னிக் விடுதிக்காரன் இன்னொரு கல்லூரியின் பெயரைத் தன் மெஸ் திரையில் வைத்துக்கொள்வானா? அவனுக்கும் சேர்த்துத்தானே எழுதினோம்!

என் ஓட்டு 'படி'க்கு. அரிசி அளப்பதும் படி, பயணப்படியில் வருவதும் படி, வீட்டில் தினமும் நம்மிடம் சொல்வதும் படி. ஆங்கிலத்தில் நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தைப் பார்த்தால் பத்து என்று படிப்பேன் என்கிறான் நெல்லூர்க்காரன். பன்னிக்குப் பத்து தேவலை.

இன்றைக்கு ரெண்டுக்கு ரெண்டு என்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறோம். இதைவிட நல்ல பெயர் தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள், தெலுங்கிலும் கன்னடத்திலும் என்ன அர்த்தம் என்று விசாரித்துவிட்டு.