பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆறு

ப்ளின்லிமன் மலைக்குச் சிகரம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வேல்ஸ் நாட்டின் நடுவில், 752 மீட்டர் உயரத்தில், கோரைப்புல்லும் கருஞ்சேறும் போர்த்திய அகன்ற மேடு அது. காலை ஊன்றினால் தண்ணீர் கசியும். அந்தக் கசிவிலிருந்து இரண்டு பெரிய ஆறுகள் கிளம்புகின்றன. பிரிட்டனின் மிக நீளமான ஆறான செவர்ன் வடகிழக்கே போகிறது. வை தென்கிழக்கே இறங்குகிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் பிறக்கும் இவை ஆளுக்கொரு திசையில் சுற்றிவிட்டு, கடல் நெருங்கும் இடத்தில்தான் சந்திக்கின்றன. இரண்டில் சிறியது வை. சுமார் 250 கி.மீ. அதை ஒட்டியே 218 கி.மீ. நீளத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. வழிகாட்டிக் கம்பங்களில் அதன் அடையாளம், துள்ளும் சால்மன் மீன்.

மேல்பகுதியில் ஆற்றைவிட ஆடுகளே அதிகம் கண்ணில் படும். மொட்டைக் குன்றுகள், கல் அடுக்கிய வேலிகள், ஓயாத தூறல். ராயடர் என்ற சிற்றூரை அடுத்து ஈலான் ஆறு வந்து சேர்கிறது. அந்த ஈலான் பள்ளத்தாக்கில் 1904இல் மன்னர் ஏழாம் எட்வர்ட் திறந்துவைத்த அணைகளிலிருந்துதான், 118 கி.மீ. தள்ளியிருக்கும் பர்மிங்ஹாம் நகரத்துக்குக் குடிநீர் போகிறது. அதற்கு மோட்டார் இல்லை. வழி நெடுக ஒரே சீரான இறக்கம்.

பில்த் வெல்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் நிலம் இளகுகிறது. ஓக் மரங்களும் புல்வெளிகளும் மாறிமாறி வருகின்றன. இங்கே நடப்பதற்குப் பெரிய தெம்பு எதுவும் வேண்டாம். நனையாத செருப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். பாதை எவரோ ஒரு விவசாயியின் வயலுக்கு நடுவே போகும். வேலி வரும் இடத்தில் ஏறித் தாண்ட மரப்படி இருக்கும், அல்லது ஒரு ஆள் நுழையலாம், மாடு நுழைய முடியாது என்ற கணக்கில் செய்த சிறு கதவு இருக்கும். நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. 1949இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட பழைய வழிகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றிப் பதிவுசெய்யச் சொன்னது. வயலை உழுது பாதை அழிந்துவிட்டால், உழுதவரே அதைத் திருத்தித் தர வேண்டும். இந்த நடையில் நான் பார்த்த அழகுகளில் முதலிடம் இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

ஹே என்ற ஊர் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது. கடைகளை அங்கே தொடங்கிவைத்த ரிச்சர்ட் பூத், 1977 ஏப்ரல் 1 அன்று ஊரைத் தனி நாடாக அறிவித்துத் தன்னையே அரசனாக்கிக்கொண்டார். அங்கிருந்து சற்றுக் கீழே, வின்ஃபோர்டன் கரையில், 1923 மார்ச்சில் டோரீன் டேவி என்ற இளம்பெண் தூண்டிலில் ஒரு சால்மனைப் பிடித்தார். எடை 27 கிலோ. அந்தக் காலத்தில் வை என்றால் சால்மன்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு நிகரான ஆறு இல்லை என்று பேர் இருந்தது. இன்றைக்குக் கம்பத்தில் துள்ளும் மீனை எண்ணிக்கொண்டே போகலாம், ஆற்றில் துள்ளும் மீனைக் காண்பது அரிது.

இன்னும் கீழே, ஹெரிஃபோர்ட் நகரத்தின் தேவாலயத்தில், சுமார் 1300ஆம் ஆண்டில் ஒரே கன்றுத்தோலில் வரைந்த உலகப் படம் இருக்கிறது. அதில் கிழக்குதான் மேலே. உச்சியில் சொர்க்கம், அதற்குச் சற்றுக் கீழே இந்தியா. நடுவில் எருசலேம். இடது ஓரத்தில் பிரிட்டன், அதில் ஹெரிஃபோர்டும் உண்டு. எத்தனையோ தலைமுறை விரல்கள் தொட்டுத் தொட்டு அந்த ஒரு புள்ளி மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது.

ராஸ் என்ற ஊரிலிருந்து கீழே கதை வேறு. 1745 வாக்கில் ராஸின் பாதிரியார் ஜான் எகர்டன் விருந்தினர்களைப் படகில் ஏற்றி ஆற்றைச் சுற்றிக்காட்டத் தொடங்கினார். பிறகு அது தொழிலாகவே ஆயிற்று. 1770இல் அப்படிப் படகில் போன வில்லியம் கில்பின் என்ற இன்னொரு பாதிரியார், தான் கண்டதை 1782இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நிலக்காட்சியை ஓவியம் போலப் பகுத்துப் பார்ப்பது எப்படி என்று அது சொல்லித்தந்தது: அருகே என்ன இருக்க வேண்டும், தூரத்தில் என்ன இருக்க வேண்டும், இரு கரைகளும் சட்டமாக எப்படி அமைய வேண்டும். டின்டர்ன் மடத்தின் இடிபாட்டைப் பார்த்தபோது, அதன் முகட்டுச் சுவர்கள் நறுவிசாக நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சுத்தியல் எடுத்துக் கொஞ்சம் உடைத்தால் நன்றாயிருக்கும் என்று எழுதினார். சும்மா பார்ப்பதற்காகவே ஊர்விட்டு ஊர் போகும் பழக்கம் பிரிட்டனில் வேர்பிடித்த இடங்களில் இந்த ஆறும் ஒன்று. 1798 ஜூலையில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தன் தங்கை டோரதியோடு இங்கே நடந்து போய்த் தன் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்றை எழுதினார்.

சிமண்ட்ஸ் யாட் பாறையில் ஏறி நின்றால் கில்பின் சொன்னது புரிகிறது. 120 மீட்டர் கீழே ஆறு. ஒரு பக்கம் ஓடிப்போய்ப் பல கிலோமீட்டர் வளைந்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வருகிறது. பூச்சிமருந்தால் இங்கே அழிந்துபோயிருந்த பொரி வல்லூறுகள் 1982இல் இந்தப் பகுதிப் பாறைகளுக்குத் திரும்பின. கீழே இறங்கினால் இரு கரைக்கும் நடுவே தலைக்கு மேல் ஒரு கம்பி. படகோட்டி அதைக் கையால் பிடித்து இழுத்து இழுத்தே அக்கரை சேர்க்கிறார்.

இனி மான்மத் ஊரைக் கடந்து செப்ஸ்டோ என்ற ஊர் வரை காடுதான். ஓக், பீச், லைம், யூ. ஏப்ரல் கடைசியில் தரையெல்லாம் நீலமாக புளூபெல் விரிந்திருக்கும். காட்டுப்பூண்டின் வாசம் பாதைவரை வரும். ஆதிகாலத்துக் கன்னிக்காடு என்று தோன்றும், ஆனால் இது வெட்டி வெட்டி வளர்ந்த காடு. மரத்தைத் தரையை ஒட்டி வெட்டுவார்கள், அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் நிமிரும், சில ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டு. பட்டை தோல் பதனிடப் போகும், கட்டை மூட்டம் போட்டுக் கரியாகும். 1566இல் டின்டர்னில் தொடங்கிய கம்பி ஆலை முதல் பல இரும்பு உலைகள் அந்தக் கரியைத் தின்றன. சரிவுகளில் இன்றும் வட்டமாகச் சமப்படுத்திய திட்டுகளைப் பார்க்கலாம். மூட்டம் போட்ட இடங்கள் அவை. வெட்டிய இடத்தில் வெயில் இறங்கியதால்தான் தரைப்பூக்கள் அடர்ந்தன. பக்கத்திலேயே லேடி பார்க் வுட் என்ற காட்டை 1944 முதல் யாரும் கைவைக்காமல் விட்டு, மரங்கள் தாமாக என்ன ஆகின்றன என்று கணக்கெடுத்து வருகிறார்கள்.

கில்பின் கரிப்புகையையும் பார்த்தார். மலைச்சரிவில் மெல்லிய திரையாகப் படர்ந்து நன்றாயிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். அவர் கற்றுக்கொடுத்த பார்வை தூரத்திலிருந்து பார்ப்பது, எதையும் படத்துக்குள் அழகாக அடக்கிவிடுவது. அதை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். அதனால்தான் இப்போது நடப்பது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

வை ஆற்றின் படுகையில் எந்த நேரத்திலும் சுமார் 2 கோடி கோழிகள் கொட்டகைகளில் வளர்கின்றன. அவற்றின் எச்சம் பல ஆண்டுகளாக வயல்களுக்கு உரமானது. பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய ஃபாஸ்பேட் மண்ணில் தங்கி, மழையில் கரைந்து ஆற்றுக்கு வருகிறது. ஊர்களின் கழிவுநீரும் சேர்கிறது. வெயில் ஏறி ஓட்டம் குறையும் கோடையில் பாசி பெருகித் தண்ணீர் பச்சைக் கஞ்சியாகிவிடும். வெளிச்சம் அடிக்குப் போகாது. ஜூனில் ஆறு முழுக்க வெள்ளைப் பூவாக மிதந்த கிரோஃபூட் என்ற நீர்ச்செடி பெரும் பகுதிகளில் இல்லாமல் போயிற்று. அதில் ஒதுங்கிய பூச்சிகளும் மீன்குஞ்சுகளும் இடமிழந்தன. 2023இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இந்த ஆற்றின் நிலையைச் சீரழிந்துவரும் நிலை என்று கீழிறக்கியது. சிமண்ட்ஸ் யாட் உச்சியிலிருந்து இதில் எதுவும் தெரியாது. அங்கிருந்து ஆறு இன்றும் 1782இன் ஆறுதான்.

டின்டர்னில் மடத்தின் கூரையில்லாத சுவர்கள். 1131இல் சிஸ்டர்சியத் துறவிகள் நிறுவியது, 1536இல் மன்னர் மூடியது. இங்கே ஆற்றின் இரு கரையும் சேறு. கடலின் ஏற்றவற்றம் இதற்கும் மேலே பிக்ஸ்வியர் என்ற இடம் வரை ஏறுகிறது. செப்ஸ்டோவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 12 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் உண்டு. காலையில் நிரம்பி நின்ற ஆறு மதியம் பள்ளத்தின் அடியில் ஓடும். 1816இல் கட்டிய இரும்புப் பாலம், சுண்ணாம்புப் பாறை மேல் 1067இல் தொடங்கிய கோட்டை. நடைபாதையின் முறைப்படியான ஆரம்பம் இங்கேதான்.

போக நினைப்பவருக்கு நான் சொல்வது இது: செப்ஸ்டோவில் தொடங்கி, சால்மன் போகும் திசையில் மேலே நடங்கள். காட்டை ஏப்ரல் கடைசியில் பாருங்கள். ஹெரிஃபோர்ட் சேரும்போது பாலத்தில் நிற்காமல் கரைக்கு இறங்கி, அடியில் கல் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் கரைக்கு வந்து தண்ணீர் எடுத்து, ஃபாஸ்பேட் அளவைச் சோதித்துக் குறித்துவருகிறார்கள். அவர்களைக் கண்டால் அரை மணி நேரம் உடன் நில்லுங்கள். சோதனைக் குழாயைக் கையில் கொடுத்து, நிறத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருவார்கள்.