ஒஸாவா துரத்திய சித்திரை

ஜப்பான் கடற்படை என்றதும் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவையும் அவருக்கு மேலே இருந்த யமமோட்டோவையும்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தைத் திருவல்லிக்கேணியிலிருந்து பெயர்த்துக் கிளியனூரில் கொண்டுபோய்ப் போட்டவர் வேறொருவர். வைஸ் அட்மிரல் ஜிஸபுரோ ஒஸாவா. அந்தப் பேரை அப்பா கடைசிவரை கேள்விப்பட்டதில்லை. நானே உத்தியோகம் முடிந்து வீட்டோடு உட்கார்ந்து யுத்தப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஆள் அகப்பட்டார்.

1942-ல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா வேலை. எந்தக் கப்பல் எங்கிருந்து புறப்பட்டது, என்றைக்கு வந்து சேரும், என்ன சரக்கு என்று பேரேட்டில் எழுதுவார். மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. அரிசிக்குப் பதிலாக, பர்மாவிலிருந்து தப்பி வந்த நம் ஜனங்கள் வந்தார்கள். பங்குனிக் கடைசியில் கல்கத்தாவிலிருந்து வரவேண்டிய கப்பல்களும் வரவில்லை. “எழுதறதுக்கே ஒண்ணும் இல்ல” என்று அப்பா ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மத்தியானத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதே அம்மாவுக்குப் பீதியாகிவிட்டது.

கப்பல்கள் ஏன் வரவில்லை என்று இப்போது சொல்ல முடிகிறது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்து கொழும்பைத் தாக்கினார். 9-ம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. அதே வாரத்தில் வங்காள விரிகுடாவுக்குள் தனியாக நுழைந்தது ஒஸாவாவின் படை. ரியூஜோ என்ற சின்ன விமானந்தாங்கி ஒன்றும், சோக்காய் முதலான சில குரூஸர்களும் அவரிடம் இருந்தன. மூன்றே நாளில் 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார். கணக்குப் பார்த்தால் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். ஏப்ரல் 6-ல் ரியூஜோவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. இரண்டும் அன்றைக்குச் சென்னை மாகாணத்து ஊர்கள். அப்பாவின் பேரேட்டில் விழுந்த வெற்றிடம் ஒஸாவா போட்டது.

விசாகப்பட்டினத்துச் செய்தி வந்ததும் பட்டணம் ஆட்டம் கண்டது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அறிவித்தது. சொல்லிவிட்டுத் தானே முதலில் மூட்டை கட்டியது. ஊட்டி, சித்தூர், மதனப்பள்ளி என்று ஆபீஸ்கள் கிளம்பின. உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமாம். அதுவரை அசையாமல் இருந்த எங்கள் ஆயாவை அந்தச் சேதிதான் அசைத்தது. 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு போட்டபோது எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததைப் பார்த்தவள் அவள். “எம்டன் வந்தப்போ புலியை ஆரும் சுடலியே. இது பெரிசுடா” என்று எழுந்தாள்.

எங்கள் தெருவில் ஒருவர் சொந்த வீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். வாங்கினவர் யுத்தம் முடிவதற்குள் பணக்காரர் ஆனார். எங்களுக்கு விற்க வீடு இல்லை, வாடகை வீடுதான். எழும்பூரில் ரயில் ஏறியது எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. ஜன்னல் வழியாக என்னை உள்ளே திணித்ததும், பின்னாலேயே அம்மிக்கல் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அம்மிக்கல்லை யாராவது கட்டிக்கொண்டு போவார்களா? ஆயா விடவில்லை. சித்திரபானு வருஷம் எங்களுக்குத் திண்டிவனம் ஸ்டேஷனில் பிறந்தது. அங்கிருந்து புதுச்சேரி சாலையில் ராத்திரியெல்லாம் மாட்டுவண்டி. விடியும்போது கிளியனூர் அகஸ்தீஸ்வரர் கோயில் தெரிந்தது.

பெரியப்பா வீட்டில் ஏற்கெனவே இரண்டு குடும்பம் வந்து இறங்கியிருந்தது. ஆண்கள் திண்ணையில், பெண்கள் கூடத்தில், பிள்ளைகள் களத்தில். கூழும் மல்லாட்டைத் துவையலும் எனக்கு முதல் வாரம் தொண்டையில் இறங்கவில்லை. நுங்கு மட்டும் இறங்கியது. பெரியம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் உழக்கால் அளந்த கேழ்வரகை அவர் இரண்டாம் முறையும் அளந்து பார்த்ததை அம்மா கவனித்துவிட்டாள். மறுநாளிலிருந்து களை எடுக்கப் போனாள். திருவல்லிக்கேணியில் தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதவள்.

பெரியப்பாவுக்கு எங்கள் ஓட்டமே வேடிக்கை. ஒரு நாள் திண்ணையில் அப்பாவைக் கேட்டார்: “ஏம்பா, சமுத்திரத்துக்குப் பயந்து ஓடியாந்தீங்களே, மரக்காணம் இங்கேருந்து வண்டி கட்டினா அர நாள். ஜப்பான்காரன் அங்க எறங்கமாட்டானா?” அப்பாவிடம் பதில் இல்லை. சர்க்காரிடமும் இருந்திருக்காது.

ஒஸாவாவிடம் கரையிறக்கச் சிப்பாய்களே கிடையாது. கப்பல் போக்குவரத்தைக் குலைப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. அதை முடித்துக்கொண்டு மலாயாப் பக்கம் திரும்பிவிட்டார். நாங்கள் திண்டிவனத்தில் இறங்கும்போது வங்காள விரிகுடாவில் அவர் இல்லவே இல்லை.

அவர் கதையைப் படித்தபோது கோபத்தைவிட ஒருவித வியப்புத்தான் வந்தது. 1886-ல் மியாஸாகியில் பிறந்தவர். டார்பிடோவில் தேறியவர். விமானந்தாங்கிகளைப் பிரித்துப் பிரித்து வைக்காமல் ஒரே படையாகத் திரட்டவேண்டும் என்று 1940-லேயே மேலிடத்துக்கு எழுதியவர். படை அமைந்தது, தலைமை சீனியாரிட்டிப்படி நகுமோவுக்குப் போனது. நம் ஊர் ஆபீஸ்களில் நடப்பதுதான். மிட்வே சண்டையில் நகுமோ நான்கு விமானந்தாங்கிகளைப் பறிகொடுத்தார். 1942 நவம்பரில் அவர் இடத்துக்கு ஒஸாவா வந்தபோது தேறிய விமானிகளில் பாதிப்பேர் மிஞ்சவில்லை. 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் சண்டையில் மூன்று விமானந்தாங்கிகள் போயின. ராஜினாமா கொடுத்தார், ஏற்கவில்லை. அக்டோபரில் லேய்ட்டே சண்டையில், போதிய விமானமில்லாத நான்கு விமானந்தாங்கிகளோடு அமெரிக்கர்களைத் திசைதிருப்பும் தூண்டில் இரையாக அவரை அனுப்பினார்கள். அட்மிரல் ஹால்ஸி இரையைக் கவ்வினார். நான்கும் மூழ்கின, ஒஸாவா பிழைத்தார். 1945 மே மாதம், கூட்டுக் கடற்படையின் கடைசித் தளபதி ஆனார். முழு அட்மிரல் பதவி உயர்வை வேண்டாம் என்றுவிட்டார். நகுமோ சைப்பான் தீவில் தற்கொலை செய்துகொண்டார். ஒஸாவா 1966 வரை இருந்தார்.

நாங்கள் அடுத்த தை மாதம் பட்டணம் திரும்பினோம். ஆயா வரவில்லை. கிளியனூரிலேயே ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். அம்மிக்கல்லைப் பெரியம்மாவிடமே விட்டுவந்தோம். அப்பாவின் ஆபீஸ் அவர் இல்லாத மாதங்களுக்குச் சம்பளம் தரவில்லை.

ஜப்பான் விமானம் சென்னைக்கு நிஜமாகவே வந்தது 1943 அக்டோபரில், ஊரெல்லாம் பெருவெள்ளமாக இருந்த சமயம். ஒற்றை விமானம், துறைமுகப் பக்கம் சில குண்டுகள். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒருவரும் மூட்டை கட்டவில்லை. குண்டு விழுந்தது பலருக்கு மறுநாள்தான் தெரியும். கூடத்தில் ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தோம்.