செத்தா பத்து லட்சம்

2016ஆம் வருசம், கார்த்திகை மாசம். செப்டிக் டேங்குக்குள் மயங்கி விழுந்த ஒரு பையனைத் தூக்கப்போய் எங்க அண்ணனும் விழுந்தான். அந்தப் பையன் அங்கேயே செத்துப்போனான். அண்ணனை உசுரோடு மேலே எடுத்தார்கள். ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் கிடந்த நேரம் அதிகம். அரசு ஆஸ்பத்திரியில் வாய்க்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். "பிழைச்சாலும் கட்டை மாதிரிதான் கெடப்பான். பெட்டுக்கு ஆள் காத்திருக்காங்க. எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு தாளை நீட்டினார். டாக்டர் சொல்லியும் கேட்காமல் சொந்த விருப்பத்தில் கூட்டிப்போகிறோம் என்று அதில் இருந்தது. போகச் சொன்னது அவர். விருப்பம் எங்களுடையதாம்.

வெளியே, எங்க காலனிக்கு ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்காரர் ஒருத்தர் நின்றார். டீ வாங்கிக் கொடுத்துக் காதோடு சொன்னார்: "தம்பி, செத்தவனுக்குத்தான் பத்து லட்சம். இப்படிக் கெடந்தா ஒண்ணும் வராது."

அவர் சொன்னது பொய்யில்லை. 1993க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. சாகாமல் படுக்கையில் விழுந்தவனுக்கு அதில் தொகை இல்லை. மறைக்காமல் எழுதுகிறேன், ஒரு நிமிசம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டிக்கடன், ஒழுகுற கூரை, தங்கச்சி படிப்பு.

அம்மாவிடம் சொன்னேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. "செத்தா பத்து லட்சம்னா, உசுரோட இருந்தா எவ்வளவுடா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

தொண்டையில் துளை போட்டு, மெல்ல மெல்ல வென்டிலேட்டரை எடுத்தார்கள். அண்ணன் தானாக மூச்சு விட்டான். அதற்குமேல் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி. படுக்கைப்புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் போடணும். அம்மா கூலி வேலையை விட்டாள். அவள் குரல் கேட்டால் மட்டும் தலை லேசாகத் திரும்பும். சில ராத்திரி அவன் முனகலைக் கேட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்றும் நினைத்திருக்கிறேன். 2021இல் நிமோனியாவில் போய்விட்டான். நிவாரணம் கேட்டு அலைந்தோம். செத்தது நிமோனியாவில்தானே, தொட்டிக்குள் இல்லையே என்றார்கள். நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2023 அக்டோபரில்.

மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக்கைப் பற்றிப் பின்னால் படித்தேன். 1973இல் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி அவரைச் சிதைத்தான். அவருக்கும் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல்தான் அந்தக் கதி. அவரைச் சாக விடச்சொல்லிப் போட்ட வழக்கை 2011இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. பார்த்துக்கொண்ட நர்சுகள் அவர் வாழட்டும் என்றார்கள். 2015இல் அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு ஒரு ஆஸ்பத்திரியே இருந்தது. எங்க அண்ணனுக்கு அம்மா மட்டும்.

அதே தீர்ப்பு, சிகிச்சையை நிறுத்துவதானால் ஐகோர்ட்டு அனுமதி வேண்டும் என்றது. எங்களிடம் நீட்டிய தாளுக்கு எந்தக் கோர்ட்டும் தேவைப்படவில்லை. மானத்தோடு சாகும் உரிமை உண்டு என்று 2018இல் தீர்ப்பு வந்தது. டாக்டர்கள் குழு பார்த்து முடிவு செய்யவேண்டும் என்றது. 2023இல் அந்த நடைமுறையைச் சுலபமாக்கினார்கள். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. தெளிவாக இருக்கும்போதே ஒருத்தர் வேண்டாம் என்று எழுதிவைத்தால் அது அவர் முடிவு. ஆனால் வாழும்போது மானம் கொடுக்காதவர்கள் சாவில் மட்டும் அதைப் பற்றிப் பேசும்போது, எங்க சனத்துக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பிழைத்தால் யார் புரட்டிப் போடுவது, யார் பீ மூத்திரம் அள்ளுவது, அள்ளுகிற தாய்க்குச் சோறு எங்கிருந்து வரும்? இதற்கெல்லாம் பதிலைச் சொல்லிவிட்டுத் தாளை நீட்டட்டும். அப்போது உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறோம்.