ஐந்தாவது ஜாக்கெட்

பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தபோது என் மகளுக்குத் தலைசுற்றல், அப்பாவுக்குப் பசி. கல்லாற்றுப் பாலத்தருகே காரை நிறுத்தினோம். உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடிய தண்ணீரில் கையை நனைத்தார் அப்பா. "தாமிரபரணி மாதிரியே சில்லுன்னு இருக்குடா." அம்பாசமுத்திரத்துக்காரர். எந்த ஆற்றையும் அதோடு ஒப்பிடாமல் விடமாட்டார்.

கல்லாற்றுத் தண்ணீர் வாமனபுரம் ஆறாக, மலையிலிருந்து 88 கி.மீ. ஓடி, அஞ்சுதெங்குப் பக்கம் காயலில் கலக்கிறது. காலையில் மலையில் பார்த்த தண்ணீரை மாலையில் படகிலிருந்து பார்ப்பது என் திட்டம்.

கடினம்குளம் காயலில் ஒரு சின்ன மோட்டார் படகு பேசினோம். ஐந்து பேர் நாங்கள். படகில் இருந்த உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் நான்கு.

"எனக்கெதுக்கு? பத்து வயசிலேயே ஆத்தை நீந்திக் கடந்தவன்" என்றார் அப்பா. நான் மறுக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, பணமும் கொடுத்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், மனதுக்குள் சம்மதித்தே விட்டேன்.

என் மனைவி மட்டும் கரையைவிட்டு நகரவில்லை. "மாமாவுக்கும் ஒன்று வரட்டும்."

படகுக்காரர் கோபப்படவில்லை. கடலோரம் தெரிந்த தென்னைகளைக் காட்டினார். அங்கேதான் காயிக்கரை. மகாகவி குமாரன் ஆசான் 1873இல் பிறந்த ஊர். 1924 ஜனவரியில், கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு 'ரிடீமர்' படகில் போனபோது பல்லனையில் அது கவிழ்ந்து இறந்தார். அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறிய படகு. "அவரையே தண்ணி கொண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் துறைக்கு நடந்தார். ஐந்தாவது ஜாக்கெட் வர இருபது நிமிடம் ஆனது.

நூறு ஆண்டாகியும் பாடம் பழையதாகவில்லை. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில், கூடுதல் ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள், எங்களைப் போல. அவர்களிலும் யாராவது, "இன்று ஒருநாள்தானே" என்று நினைத்திருக்கலாம்.

கடைசியில் கிளம்பினோம். ஊறும் தேங்காய் மட்டையின் நெடி. கொக்குகளை எண்ணினாள் மகள். திருவனந்தபுரத்திலிருந்து இந்தக் காயல் வரை 1820களில் வெட்டிய பார்வதி புத்தனாறு பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார் படகுக்காரர். சாலைகள் வருமுன் சரக்கும் ஆட்களும் போன நீர்வழி.

இருபது நிமிடம் தாமதித்ததால் காயலிலேயே பொழுது சாய்ந்தது. தண்ணீர் முழுக்கச் செம்மை. சீக்கிரம் கிளம்பியிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டோம்.

ஜாக்கெட் வயிற்றை இறுக்க, சிரமப்பட்டுக் குனிந்து கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார் அப்பா. "உப்புடா. இது தாமிரபரணி இல்லை."

கரை சேரும்வரை அதன் வாரை அவர் அவிழ்க்கவில்லை.