மூலையில் வைத்த சீட்டு

தம்பிக்கு அன்று மாலை பெருஞ்சினம். கையிலிருந்த ஐந்து சீட்டுகளுள் மிக வலியது பறிபோயிற்று. விளையாட்டுக் கருவியின் விசைப்பிடியைக் கட்டிலின்மேல் எறிந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தான். அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து திரையை நோக்கினாள். இரண்டாண்டுகளுக்கு முன் அதே விளையாட்டை ஆடி முடித்தவள் அவள்.

"பெரிய எண்கள் என்னிடந்தானே இருந்தன அக்கா? பிறகு எப்படித் தோற்றேன்?"

"அதை எங்கே வைத்தாய்?"

"நடுவில்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'ஃபைனல் ஃபேண்டசி' வரிசையின் எட்டாம் விளையாட்டு. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளியிட்டது; 2019இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வந்தது. ஸ்குவால் என்னும் இளைஞன் படைப்பயிற்சிப் பள்ளியொன்றில் பயின்று, போருக்குச் செல்லும் கதை அது. அந்தப் பெரிய கதைக்குள்ளே ஒரு சிறிய சீட்டாட்டம் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் 'டிரிப்பிள் டிரையாட்'. உலகைக் காக்க வேண்டிய வீரன், வழியில் காண்போரை எல்லாம் நிறுத்தி, "ஓர் ஆட்டம் ஆடலாமா?" என்று கேட்பது வேடிக்கைதான். கதையை மறந்து சீட்டிலேயே மூழ்கிப்போகும் பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அத்துணை நேர்த்தியாக அமைந்த ஆட்டம் அது.

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள். இருவர் ஆடுவர், ஆளுக்கு ஐந்து சீட்டுகள். ஒவ்வொரு சீட்டின் நான்கு பக்கங்களுக்கும் நான்கு எண்கள் உண்டு. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாகவும், பத்து 'ஏ' என்னும் எழுத்தாகவும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சீட்டை வைக்கும்போது, அதன் பக்க எண் தன்னைத் தொட்டு நிற்கும் எதிராளிச் சீட்டின் பக்க எண்ணைவிடப் பெரிதாயின், அச்சீட்டு நிறம் மாறி வைத்தவருக்கு உரியதாகும். ஒன்பது கட்டங்களும் நிறைந்ததும், யாருடைய நிறம் மிகுதியோ அவருக்கே வெற்றி. முதலில் தொடங்குபவர் ஐந்து சீட்டுகளையும் இறக்கிவிடுவார். மற்றவர் கையில் ஒன்று எஞ்சும். அதுவும் அவர் கணக்கிலேயே சேரும். கடைசிக் கட்டத்தை நிரப்பும் வாய்ப்பு முதல்வருக்கு. எவராலும் பறிக்க இயலாத ஒரு சீட்டு இரண்டாமவருக்கு.

ஆட்டத்தில் மொத்தம் 110 சீட்டுகள். தொடக்கத்தில் பள்ளித் தோழன் ஒருவன் ஏழு எளிய சீட்டுகளைத் தருகிறான். பின்னர், தீக்குகையில் வாழும் இஃப்ரிட் என்னும் பூதத்தை வென்றால் அதன் சீட்டு கிடைக்கும். தம்பி இழந்தது அதைத்தான். அதன் மேற்பக்கம் ஒன்பது, இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் ஆறு, கீழ்ப்பக்கமோ வெறும் இரண்டு. நடுக்கட்டத்தில் வைத்ததனால் நான்கு பக்கங்களும் வெளியே தெரிந்தன. எதிராளி அதன் கீழே ஒரு சிறு சீட்டை வைத்தார். அதன் மேற்பக்க எண் மூன்று. இரண்டைவிட மூன்று பெரிது, அவ்வளவே.

அக்கா தரையில் அமர்ந்து நோட்டுப்புத்தகத்தில் கட்டங்களை வரைந்தாள். "கீழ்வரிசையின் வலது மூலையில் வைத்துப் பார். ஆறும் இரண்டும் எந்தப் பக்கம்?"

"வெளி ஓரத்தில்."

"ஓரத்தில் யார் வந்து சீட்டு வைப்பார்கள்?"

தம்பி சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் வைத்தால் இரண்டு பக்கங்களே தாக்குதலுக்கு உள்ளாகும். அவ்விரண்டும் ஒன்பதும் எட்டுமாய் நிற்கும்.

தோற்றவுடன் பழைய பதிவுக்குத் திரும்பி, தோல்வியே நிகழாதது போல ஆடுவது அவன் வழக்கம். அன்றும் அவ்வாறே செய்து இஃப்ரிட்டை மீட்டான். அதை ஆட்டம் என்று சொல்ல இயலுமா என்பது ஐயத்திற்குரியது. ஆனால் இம்முறை சீட்டை மூலையில் வைத்தான், வென்றான்.

வென்றவன் செருக்குற்றான். "இனி எவராலும் இதை எடுக்க முடியாது" என்றான்.

"'கூட்டல்' விதி இருக்கும் ஊரில் ஒன்றே போதும், எட்டை எடுக்க" என்றாள் அக்கா.

அதனையும் வரைந்து காட்டினாள். வலது மூலையில் இஃப்ரிட்; இடது மூலையில் தம்பியின் மற்றொரு சீட்டு, அதன் வலப்பக்கம் ஐந்து. இரண்டுக்கும் இடையில் எதிராளி ஒரு சீட்டை வைக்கிறார். அதன் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் நான்கு. எட்டும் ஒன்றும் ஒன்பது. ஐந்தும் நான்கும் ஒன்பது. இருபுறத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றாய் அமைந்ததால், இரண்டு சீட்டுகளும் எதிராளிக்குப் போய்விடும். 'சமம்' என்னும் விதியும் இத்தகையதே. அங்கே தொடும் எண்கள் இருபுறமும் ஒத்திருந்தால் போதும்.

விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். தொடக்கப் பகுதியாகிய பாலம் தீவில், இருவர் சீட்டுகளும் திறந்திருக்கும். கல்பேடியாவில் 'சமம்' விதி. டிராபியாவில் 'கூட்டல்' விதி. ஓரிடத்தில் ஆடிவிட்டு வேறிடம் சென்றால், "உங்கள் ஊர் விதியையும் எங்கள் ஊர் விதியையும் கலந்து ஆடலாமா?" என்று எதிராளி கேட்பார். இசைந்து ஆடினால், கொண்டுவந்த விதி அந்த மண்ணிலும் வேரூன்றக்கூடும். தந்தையின் பணிமாற்றத்தால் ஊர் ஊராய்ச் செல்லும் பிள்ளைகள் கோலியாட்டத்தில் இதனைக் கண்டிருப்பர். நல்ல விதியைக் கொண்டுசென்றால் நன்மையே. ஐந்து சீட்டுகளைக் கண்ணை மூடி எடுக்கச் செய்யும் விதியைப் பரப்பிவிட்டாலோ, அரும்பாடுபட்டுச் சேர்த்த சீட்டுகள் இருந்தும் பயனில்லை.

சில வாரங்கள் கழிந்தன. தம்பி கல்பேடியாவின் தலைநகரை அடைந்தான். ரினோவா என்னும் தோழியின் சீட்டு அவனுக்கு வேண்டியிருந்தது. இவ்விளையாட்டில் சில மனிதர்களின் சீட்டு அவர்தம் வீட்டாரிடமே இருக்கிறது. ஸெல் என்பவனின் சீட்டு அவன் தாயிடம். ரினோவாவின் சீட்டு அவள் தந்தையாகிய தளபதியிடம். அன்னையை வென்று மகன் சீட்டைப் பெறலாம். தளபதியிடம் அது செல்லாது. இஃப்ரிட் சீட்டை அவரிடம் தோற்ற பிறகே அவர் மகளின் சீட்டை ஆட்டத்திற்குக் கொண்டுவருவார்.

"தோற்க வேண்டுமா?" தம்பியின் குரல் தாழ்ந்தது.

"ஆம். பழைய பதிவுக்குத் திரும்பவும் கூடாது."

"இஃப்ரிட் திரும்பக் கிடைக்குமா அக்கா?"

"கிடைக்கும். கடல்மேல் அமைந்த மீனவர் நகரம் ஒன்று வரும். அங்கே ஒருவரிடம் இருக்கும். ஆனால் அதற்கு வெகுநாள் ஆகும்."

தம்பி நெடுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தான். பின்னர்த் தளபதியிடம் ஆட்டத்தைத் தொடங்கினான். தன் முறை வந்ததும் இஃப்ரிட்டை எடுத்து, மேல்வரிசையின் இடது மூலையில், ஆறும் இரண்டும் வெளியே தெரியும்படி வைத்தான்.